கஷ்டகாலத்தில் தீர்க்கதரிசனம் வாசிப்பது எப்படி? படிப்படியான முழு வழிகாட்டி

துன்பத்தில் இருக்கும் ஒருவர் ஆறுதல் தேடி வேதாகமத்தைத் திறந்தால் பெரும்பாலும் இரண்டில் ஒன்று நடக்கிறது. பழகிய ஒரே வசனத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கிறார். மூன்றாவது வாரத்தில் அது காதில் விழுந்தும் விழாத சத்தமாகிவிடுகிறது. இல்லையென்றால் நேராக வெளிப்படுத்தின விசேஷத்தின் நடுப்பகுதிக்குப் போய், மிருகங்களையும் கலசங்களையும் பார்த்துப் பயந்து மூடிவைத்துவிடுகிறார்.

சில வருடங்களாக ஒரு சிறிய வாசிப்புக் குழுவை நடத்திவருகிறேன். வருகிறவர்களில் பாதிப்பேர் நோய், கடன், துக்கம் என்று ஏதோ ஒன்றின் நடுவில் இருப்பவர்கள். அவர்கள் தடுக்கி விழும் இடங்கள் ஏறக்குறைய ஒன்றேதான். பெரும்பாலும் கோளாறு விசுவாசத்தில் இல்லை, வாசிக்கும் வரிசையில் இருக்கிறது. கீழே உள்ள வரிசை அப்படிப் பார்த்துப் பார்த்துச் சரிசெய்தது.

தொடங்கும் முன் வேண்டியவை

அச்சிட்ட வேதாகமம் ஒன்று. போனில் வாசிக்கலாம், ஆனால் திரையில் நீங்கள் தேடிய வசனம் மட்டும்தான் கண்ணில் படும். தாளில் முந்தைய பக்கமும் சேர்ந்து தெரியும். தீர்க்கதரிசனத்தில் முந்தைய பக்கம்தான் பாதி விளக்கம்.

இரண்டாவது மொழிபெயர்ப்பு ஒன்றும் வேண்டும். பழைய மொழிபெயர்ப்பில் பழகியவர்கள் திருவிவிலியத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். பெயர்கள் கொஞ்சம் மாறும்: ஏசாயா அங்கே எசாயா, வெளிப்படுத்தின விசேஷம் அங்கே திருவெளிப்பாடு, தீர்க்கதரிசி அங்கே இறைவாக்கினர். இரண்டு நாளில் பழகிவிடும்.

ஒரு நோட்டு, பேனா, நாளுக்கு அரைமணி நேரம். வாரத்துக்கு ஒருமுறையாவது நீங்கள் எழுதியதை வாசித்துக்காட்ட ஒரு ஆள். அவர் போதகராக இருக்க வேண்டியதில்லை, பொறுமையாகக் கேட்கிறவராக இருந்தால் போதும்.

கடைசிக்கால வரைபடங்கள், செய்தித்தாள், விளக்க வீடியோக்கள் இப்போது வேண்டாம். அவை எல்லாமே தப்பு என்று சொல்லவில்லை. கஷ்டத்தில் இருக்கும் மனம் எதையும் அபாய அறிவிப்பாகத்தான் கேட்கும், அதனால் சொல்கிறேன்.

இன்னொன்று. மருந்து வேண்டிய இடத்தில் மருந்து, சட்ட உதவி வேண்டிய இடத்தில் சட்ட உதவி. உயிரை விட்டுவிடலாமா என்ற எண்ணம் வந்துகொண்டிருந்தால், இந்த வழிகாட்டியை மூடிவிட்டு முதலில் ஒரு மருத்துவரிடமோ நெருங்கியவரிடமோ பேசுங்கள். வாசிப்பு காத்திருக்கும்.

1. முறையீட்டை முதலில் எழுதுங்கள்

வாக்குத்தத்தத்தைத் தேடும் முன், உங்கள் கஷ்டம் என்ன என்று இரண்டு மூன்று வரிகளில் எழுதுங்கள். அலங்காரம் வேண்டாம். “ஆறு மாதமாக வேலை இல்லை. வீட்டில் யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை. கடவுள் கேட்கிறாரா என்று தெரியவில்லை.” இந்த அளவு போதும்.

இதைத் தாண்டிப் போகிறவர்கள் அதிகம். இப்படி எழுதுவது அவிசுவாசம் என்று ஒரு பயம். ஆனால் ஆபகூக் புத்தகம் தொடங்குவதே இப்படித்தான்: “கர்த்தாவே, நான் எதுவரைக்கும் உம்மை நோக்கிக் கூப்பிடுவேன்.” அது ஒரு தீர்க்கதரிசியின் வாயிலிருந்து வந்த வார்த்தை, யாரும் அதைப் புத்தகத்திலிருந்து நீக்கவில்லை.

எழுதச் சொல்வதற்கு நடைமுறைக் காரணமும் உண்டு. எழுதாத கஷ்டம் வாசிக்கிற ஒவ்வொரு வசனத்திலும் புகுந்துகொள்ளும். கடனில் இருக்கும் ஒருவர் எல்லா வசனத்திலும் பணத்தைப் பார்ப்பார். நோட்டில் இறக்கிவைத்துவிட்டால், வசனம் தன் போக்கில் என்ன சொல்கிறது என்று கேட்கக் கொஞ்சம் இடம் கிடைக்கும்.

2. வாசிக்கும் வரிசையைத் தீர்மானியுங்கள்

நான் தரும் வரிசை இது: ஆபகூக், பிறகு எரேமியா 28 முதல் 32 வரை, பிறகு ஏசாயா 39 முதல் 43 வரை, எசேக்கியேல் 37, கடைசியில் வெளிப்படுத்தின விசேஷம் 1 முதல் 3 வரையும் 21, 22-ம் அதிகாரங்களும்.

ஆபகூக் முதலில் வருவதற்குக் காரணம் அதன் அளவு. மூன்றே அதிகாரம், 56 வசனம், ஒரே உட்காரலில் முடித்துவிடலாம். அதோடு, தீர்க்கதரிசனம் எப்படி நம்பிக்கை தருகிறது என்பதற்கு அது ஒரு முழு மாதிரி. தீர்க்கதரிசி புலம்புகிறார். பதில் வருகிறது: கல்தேயர், அதாவது பாபிலோனியர், வரப்போகிறார்கள். அதாவது நிலைமை இன்னும் மோசமாகும். அவர் மறுபடியும் கேட்கிறார், காவல் கோபுரத்தில் நின்று காத்திருக்கிறார். கடைசி அதிகாரத்தில் அத்திமரம் துளிர்விடவில்லை, தொழுவத்தில் மாடு இல்லை, ஆனாலும் பாடுகிறார். சூழ்நிலையில் ஒன்றுமே மாறவில்லை. பாட்டு எங்கிருந்து வந்தது என்ற கேள்வியோடு மேலே போங்கள்.

ஏசாயாவை 40-ல் தொடங்காமல் 39-ல் தொடங்கச் சொல்வதும் யோசித்துத்தான். “என் ஜனத்தை ஆற்றுங்கள், தேற்றுங்கள்” என்ற வரிக்கு ஒரு பக்கம் முன்னால், அரண்மனையில் இருப்பதெல்லாம் பாபிலோனுக்குக் கொண்டுபோகப்படும் என்று எசேக்கியா ராஜாவிடம் ஏசாயா சொல்கிறார். ஆறுதல் யாருக்கு, எந்தக் காயத்துக்கு என்பது அங்கேதான் தெரிகிறது.

தானியேல் 7 முதல் 12 வரையும் வெளிப்படுத்தின விசேஷத்தின் நடு அதிகாரங்களும் பிறகு வாசிக்கலாம். முந்தைய தீர்க்கதரிசிகளின் படங்களை எடுத்துப் பேசும் பகுதிகள் அவை. அந்தப் படங்கள் பழகாமல் போனால் பயம் மட்டும் மிஞ்சும்.

3. ஒவ்வொரு பகுதியிடமும் நான்கு கேள்விகள் கேளுங்கள்

யாருக்குச் சொல்லப்பட்டது? அவர்கள் அப்போது எந்த நிலையில் இருந்தார்கள்? சரியாக என்ன வாக்களிக்கப்பட்டது? எவ்வளவு காலத்தில்?

முழு வழிகாட்டியிலும் முக்கியமான படி இது, அதனால் ஒரு பகுதியை முழுக்கச் செய்துகாட்டுகிறேன். எல்லோருக்கும் தெரிந்த எரேமியா 29:11-ஐயே எடுத்துக்கொள்வோம். எனக்கு வேலை போன ஒரு காலத்தில் மாதக்கணக்கில் அந்த வசனத்தைப் பிடித்துக்கொண்டிருந்தேன். 10-ம் வசனத்தை ஒருநாளும் வாசித்ததில்லை. என்னையே உதாரணமாக வைத்துக்கொள்ளலாம்.

*யாருக்கு?* கி.மு. 597-ல் பாபிலோனுக்குச் சிறைப்பிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எரேமியா எருசலேமிலிருந்து எழுதிய கடிதம் அது. தமிழ் இங்கே உதவி செய்கிறது: “உங்கள்பேரில்” என்று பன்மையில் இருக்கிறது. ஒரு தனி ஆளின் வேலைக்கோ கல்யாணத்துக்கோ கொடுத்த வாக்கு அல்ல, இடம்பெயர்ந்த ஒரு கூட்டத்துக்குக் கொடுத்த வாக்கு.

*எந்த நிலையில்?* இதற்கு 28-ம் அதிகாரம் வேண்டும். அனனியா என்ற ஒருவன், இரண்டு வருடத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று ஆலயத்திலேயே சொல்லி, பாபிலோனுக்கு அடங்கியிருக்க வேண்டும் என்பதற்கு அடையாளமாக எரேமியா கழுத்தில் போட்டிருந்த நுகத்தை எடுத்து உடைத்துப்போட்டான். கேட்கிறவர்களுக்கு எவ்வளவு இனிப்பாக இருந்திருக்கும்! அந்த வருடமே, இரண்டு மாதத்தில் அனனியா இறந்துபோனான். எரேமியாவின் கடிதத்தை இந்த இனிப்பான வாக்குக்குப் பக்கத்தில் வைத்துத்தான் வாசிக்க வேண்டும்.

*என்ன வாக்கு?* கடிதத்தின் தொடக்கத்தைப் பாருங்கள். வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்துவையுங்கள். 7-ம் வசனத்தில், உங்களைப் பிடித்துக்கொண்டுபோன பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி அதற்காக ஜெபியுங்கள் என்கிறது. 11-ம் வசனத்தில் வரும் “சமாதானத்துக்கேதுவான நினைவுகள்” என்பதிலும் அதே சொல்தான். எதிரியின் ஊருக்கு நல்லது தேடுவதும், இவர்களுக்குக் கடவுள் நினைத்திருக்கும் நல்லதும் ஒரே நூலில் கோக்கப்பட்டிருக்கின்றன.

இதே இடத்தில் பழைய மொழிபெயர்ப்பு வாசிப்பவர்களுக்கு ஒரு கண்ணி இருக்கிறது. “நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு” என்று வருகிறது. நான் மனதில் நினைத்த முடிவு அப்படியே கிடைக்கும் என்று பலர் புரிந்துகொள்கிறார்கள். நானும் அப்படித்தான் புரிந்துகொண்டிருந்தேன். மூலத்தில் இருப்பது எதிர்காலமும் நம்பிக்கையும் என்ற இரண்டு சொற்கள். உங்களுக்கு ஒரு பின்வருங்காலம் உண்டு, கதை இங்கே முடியவில்லை என்பதுதான் வாக்கு. இரண்டாவது மொழிபெயர்ப்பு எதற்கு என்று இப்போது புரிந்திருக்கும்.

*எவ்வளவு காலம்?* 10-ம் வசனம்: எழுபது வருடம். கடிதம் வந்தபோது முப்பது வயதில் இருந்த ஒருவர், திரும்பிப்போகும் நாளைப் பெரும்பாலும் பார்த்திருக்க மாட்டார்.

முதல்தடவை இதைக் கேட்கும்போது குழுவில் முகங்கள் வாடிவிடும். அப்படியானால் இந்த வசனம் எனக்கு இல்லையா என்பார்கள். கொஞ்சம் பொறுங்கள், அது ஆறாவது படி. இப்போது கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: எழுபது வருடம் என்று தெரிந்தே தோட்டம் போடச் சொல்லும் கடிதம், இரண்டு வருடம் என்ற பொய்யைவிட அதிக எடையைத் தாங்கும். இரண்டு வருடத்தை நம்பியவன் மூன்றாம் வருடத்தில் என்ன செய்வான்?

4. நிறைவேறியதையும் நிலுவையில் இருப்பதையும் பிரியுங்கள்

நோட்டில் இரண்டு பத்தி போடுங்கள். வாக்களித்ததில் நடந்துமுடிந்தது இடப்பக்கம், இன்னும் வரவேண்டியது வலப்பக்கம்.

மேலே பார்த்த உதாரணத்தில், கி.மு. 539-ல் பாபிலோன் பெர்சியரிடம் விழுந்தது. பெர்சிய ராஜாவான கோரேஸ், யூதர்கள் திரும்பிப்போகலாம் என்று கட்டளையிட்டதை எஸ்றா முதல் அதிகாரத்தின் முதல் வசனமே எரேமியாவின் வாக்கோடு இணைத்துச் சொல்கிறது. இது இடப்பக்கம். கண்ணீர் யாவும் துடைக்கப்படும், இனி மரணமில்லை என்ற வெளிப்படுத்தின விசேஷம் 21:4 வலப்பக்கம்.

நடந்துமுடிந்ததில் நிற்கப் பழகிய கால்தான் நடக்காததை நோக்கி நீளும். வலப்பக்கத்தை மட்டும் வாசிக்கிறவர்களுக்கு அது கனவுபோல் ஆகிவிடுகிறது. இடப்பக்கத்தோடு நிறுத்துகிறவர்களுக்குப் பழங்கதை ஆகிவிடுகிறது.

சில வாக்குகள் இரண்டு பத்தியிலும் விழும். எஸ்றா 3-ம் அதிகாரத்தில் ஆலயத்துக்கு அஸ்திபாரம் போட்ட அன்று இளையவர்கள் ஆர்ப்பரிக்கிறார்கள், பழைய ஆலயத்தைப் பார்த்திருந்த கிழவர்கள் சத்தமிட்டு அழுகிறார்கள், எது எந்தச் சத்தம் என்று பிரித்தறிய முடியவில்லை. வாக்கு நிறைவேறிய நாளில்கூட அழுகை இருந்தது. உங்கள் ஜெபம் கேட்கப்பட்ட பிறகும் ஏதோ ஒன்று வலித்தால், நீங்கள் நன்றிகெட்டவர் என்று அர்த்தமில்லை.

5. நிபந்தனை இருக்கிறதா பாருங்கள்

இது சின்னப் படி. “இன்னும் நாற்பது நாளில் நினிவே கவிழ்க்கப்படும்” என்றார் யோனா. நினிவே மனந்திரும்பியது, கவிழவில்லை. எரேமியா 18:7-10 இந்த விதியை வெளிப்படையாகவே சொல்கிறது, எச்சரிப்புக்கும் சரி, வாக்குக்கும் சரி. வெட்டுக்கிளி தின்ற வருடங்களின் விளைவைத் திரும்பத் தருவேன் என்ற யோவேல் 2:25-ஐப் பிடித்துக்கொள்கிறவர்கள், அதே அதிகாரத்தின் 12-ம் வசனத்தையும் வாசிக்க வேண்டும். அங்கே திரும்பிவாருங்கள் என்ற அழைப்பு இருக்கிறது.

ஆனால் இதை வைத்து, “என் பாவத்தால்தான் இந்த நோய்” என்று கணக்குப்போடாதீர்கள். எல்லாவற்றையும் இழந்து துன்பப்பட்ட யோபுவைப் பார்த்து அவருடைய நண்பர்கள் போட்ட கணக்கு அது. கடைசியில் கடிந்துகொள்ளப்பட்டவர்கள் அவர்கள்தான்.

6. அவர்களிடமிருந்து உங்களிடம் வாருங்கள்

இங்கே குறுக்குவழி கிடையாது. “அவர்களுக்கு இதைச் செய்தார், ஆகவே எனக்கும் இதையே செய்வார்” என்று தாவினால் பெரும்பாலும் ஏமாற்றம்தான். நடுவில் ஒரு படிக்கல் வேண்டும்: இதைச் சொன்னவரும் செய்தவரும் எப்படிப்பட்டவர்?

நோட்டில் மூன்று வரி எழுதச் சொல்வேன். முதல் வரி அவர்களைப் பற்றி: “சிறையிருப்பில் இருந்தவர்களைக் கர்த்தர் மறக்கவில்லை, கடிதம் அனுப்பினார்.” இரண்டாவது அவரைப் பற்றி: “கைவிட்டதுபோல் தெரியும் இடத்திலும் தம்முடையவர்களோடு பேசுகிறவர்.” மூன்றாவது உங்களைப் பற்றி: “என் வேலை எப்போது கிடைக்கும் என்று எனக்குத் தெரியாது. நான் இருக்கும் இடம் அவருக்குத் தெரியும்.”

மூன்றாவது வரியில் தேதியோ தொகையோ ஆள் பெயரோ வந்துவிட்டால், அது வசனத்திலிருந்து வந்ததா, உங்கள் ஆசையிலிருந்து வந்ததா என்று மறுபடி பாருங்கள். ஆசைப்படுவது தவறில்லை. அதை முதல் படியில் எழுதிய முறையீட்டோடு சேர்த்து ஜெபத்தில் வையுங்கள். கடவுள் வாக்குக் கொடுத்ததாக எழுதிவைக்காதீர்கள்.

கிறிஸ்தவர்கள் இன்னொரு படிக்கல்லையும் சேர்க்கலாம். தேவனுடைய வாக்குத்தத்தங்களெல்லாம் கிறிஸ்துவுக்குள் “ஆம்” என்று இருக்கின்றன என்கிறது 2 கொரிந்தியர் 1:20. இஸ்ரவேலுக்குச் சொன்ன வாக்கு நமக்கு வந்துசேரும் வழி அதுதான். ஆனால் அந்த வழியில் சிலுவை இருக்கிறது. கஷ்டத்தைச் சுற்றிக்கொண்டு போகும் பாதை அல்ல அது. சிமிர்னா சபைக்குக் கிடைத்த செய்தியைப் பாருங்கள் (வெளிப்படுத்தின விசேஷம் 2:10): அந்தப் புத்தகத்தில் செய்தி பெறும் ஏழு சபைகளில் கண்டனமே கேட்காத இரண்டில் ஒன்று அது, ஆனாலும் உபத்திரவம் வரும் என்றுதான் அதற்குச் சொல்லப்படுகிறது, பயப்படாதே என்ற சொல்லோடு.

7. ஜெபியுங்கள், அப்புறம் ஒரு செயல் செய்யுங்கள்

தீர்க்கதரிசனத்தை வாசித்து ஒருவர் என்ன செய்தார் என்பதற்கு வேதாகமத்திலேயே ஒரு சாட்சி உண்டு. தானியேல் 9-ல், எரேமியா சொன்ன எழுபது வருடத்தைத் தானியேல் புஸ்தகங்களில் வாசித்து அறிந்துகொள்கிறார். உடனே நாள்காட்டியை எடுக்கவில்லை. உபவாசம், இரட்டு என்னும் துக்க உடை, சாம்பல், நீண்ட ஜெபம். வாக்கு தெரிந்த பிறகும் கேட்கிறார்.

ஜெபத்துக்குப் பிறகு, வாக்கு உண்மையென்றால் இந்த வாரம் நான் என்ன செய்வேன் என்று கேட்டு ஒரே ஒரு சிறிய செயலைத் தேர்ந்தெடுங்கள். எரேமியா 32 இதற்கு மாதிரி. எருசலேம் முற்றுகையில் இருக்கிறது, எரேமியா காவல்வீட்டின் முற்றத்தில் அடைபட்டிருக்கிறார். அந்த நேரத்தில் பதினேழு சேக்கல் வெள்ளி நிறுத்துக்கொடுத்து ஆனதோத்தில் ஒரு நிலத்தை வாங்குகிறார். சாட்சிகளை வைத்துப் பத்திரம் எழுதி, அது நெடுங்காலம் இருக்கும்படி மண்பாண்டத்தில் வைக்கச் சொல்கிறார். இந்த தேசத்தில் மறுபடியும் நிலம் வாங்குவார்கள் என்பதற்கு அடையாளம் அது.

எனக்கு இன்னும் பிடித்தது அதற்கு அடுத்த பகுதி. பத்திரத்தைக் கொடுத்த பிறகுதான் ஜெபிக்கிறார். பட்டணம் கல்தேயரின் கையில் போகிறதே, நிலத்தை வாங்கு என்றீரே என்று அந்த ஜெபம் திகைப்போடு முடிகிறது. செயல் முதலில், புரிதல் பிறகு. அவர் கடைசியில் எகிப்துக்குக் கொண்டுபோகப்பட்டார். அந்த நிலத்தில் பயிரிட்டதாக எங்கும் எழுதப்படவில்லை.

நிலம் வாங்க வேண்டியதில்லை. விட்டுவிட்ட படிப்புக்கு ஒரு விண்ணப்பம், பேசாமல் இருந்த ஒருவருக்கு ஒரு அழைப்பு, ஒரு செடி. அரைமணி நேரத்தில் முடிகிறதாக இருக்கட்டும். களைத்த ஆளுக்குப் பெரிய தீர்மானம் இன்னொரு சுமை.

8. ஒன்றும் மாறாத வாரங்களில்

மூன்றாவது நான்காவது வாரத்தில் பலர் நிறுத்திவிடுகிறார்கள். புதிய பகுதிகளைத் தேடி ஓடாமல் ஆபகூக் 2:3-க்குத் திரும்புங்கள்: “அது தாமதித்தாலும் அதற்குக் காத்திரு.” பழைய நோட்டுப் பக்கங்களையும் வாசியுங்கள். முதல் வாரத்தின் முறையீடும் இப்போதைய முறையீடும் ஒரே மாதிரி இருக்காது. அந்த மாற்றத்தைத் தேதி போட்டுக் குறித்துவையுங்கள்.

வாசிக்கவே முடியாத நாட்களில் புலம்பல் 3-ம் அதிகாரம் மட்டும் போதும். “அவைகள் காலைதோறும் புதியவைகள்” என்ற வரி நடுவில் வருகிறது. புத்தகம் அங்கே முடிவதில்லை. அதற்குப் பிறகும் இரண்டு அதிகாரம் அழுகிறது. நம்பிக்கையைச் சொன்ன பிறகு மறுபடி அழுவதற்கும் இடம் இருக்கிறது.

9. அடிக்கடி நடக்கும் தவறுகள்

*தேதி கணிப்பது.* கிறிஸ்து திரும்பி வருவார் என்று அமெரிக்கப் பிரசங்கி வில்லியம் மில்லர் போட்ட கணக்கை நம்பி 1844 அக்டோபர் 22-க்காகப் பல்லாயிரம் பேர் காத்திருந்தார்கள், பொழுது விடிந்தது. 2011 மே 21 என்று அமெரிக்க வானொலிப் பிரசங்கி ஹெரால்ட் கேம்பிங் சொன்னதும் அதே கதை. அந்த நாளையும் நாழிகையையும் ஒருவனும் அறியான் என்று மத்தேயு 24:36 சொல்லும்போது, கஷ்டத்தில் இருப்பவர் அந்தச் சூதாட்டத்தில் இறங்கவே கூடாது. ஏமாற்றத்தைத் தாங்கும் பலம் அவரிடம் ஏற்கெனவே குறைவு.

*பணத்துக்கு வரும் தீர்க்கதரிசனம்.* உங்கள் பெயரைச் சொல்லி, உங்கள் பிரச்சினையைச் சொல்லி, காணிக்கை அனுப்பினால் வாக்கு நிறைவேறும் என்கிறவரிடமிருந்து விலகுங்கள். பணத்துக்குக் குறிசொல்லும் தீர்க்கதரிசிகளை மீகா 3:11 அன்றே அடையாளம் காட்டிவிட்டது. எங்கள் குழுவுக்கு வந்த ஒருவர் இப்படிக் கடன் வாங்கிக் காணிக்கை கொடுத்திருந்தார். கடனை அடைக்க அவருக்கு இரண்டு வருடம் ஆனது.

*புத்தகத்தைக் கண்மூடித் திறந்து விரல் வைப்பது.* ஒருநாள் ஆறுதல் வரும், மறுநாள் மோவாபுக்கு வந்த சாபம் வரும். இரண்டையும் தனக்கென்று எடுத்துக்கொண்டு இரவெல்லாம் தூங்காதவர்களைப் பார்த்திருக்கிறேன்.

*வசனத்தை இன்னொருவர்மேல் எறிவது.* உங்களுக்கு எட்டு படிகளில் கிடைத்ததை, நேற்று பிள்ளையைப் பறிகொடுத்தவருக்கு ஒரே வரியில் அனுப்பாதீர்கள். முதலில் பக்கத்தில் உட்காருங்கள். யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் சரியாகச் செய்த ஒரே காரியம் அதுதான். அவராகக் கேட்கும்போது, வாக்குத்தத்தத்துக்கு முன் ஆபகூக்கின் முதல் கேள்வியை வாசித்துக்காட்டுங்கள்.